சூலத்தில் கட்டிய காப்பு

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. பெறாத இரண்டும் என் நாத்தனார் பிள்ளைகள். அவள் காய்ச்சலில் போன பிறகு, என் மாமியார் அந்த இரண்டையும் இரண்டு இடுப்பிலும் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் இறக்கிவிட்டு, "நாலு தட்டு கழுவுற கை ஆறு தட்டு கழுவாதா?" என்றார். என் பதிலுக்கு நிற்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டார். செத்தது அவர் பெற்ற மகள். அழுதாரா என்றால், குழாயடியில் அழுதிருப்பார். நாங்கள் பார்க்கவில்லை.

அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயரை எழுதமாட்டேன். மாமியார் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லை, எழுதவும் கை வரவில்லை. எனக்கு அவர் அத்தை, என் பிள்ளைகளுக்கு அப்பத்தா. அது போதும்.

எங்கள் ஊர் திருவாதவூருக்குப் பக்கம். நான் இப்போது ஒத்தக்கடையில் இளைய மகள் வீட்டில் இருக்கிறேன். ஊரில் அம்மன் கோயிலைப் புதிதாகக் கட்டிக் கும்பாபிஷேகம் வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு விழா மலர் அச்சடிக்கிறார்கள். என் கொழுந்தன் மகன்தான் கமிட்டியில் முன்னால் நிற்கிறவன். போன வாரம் வந்தான்.

"பெரியம்மா, அப்பத்தாவுக்கு மலர்ல ஒரு முழுப்பக்கம் ஒதுக்கியிருக்கோம். நானே எழுதிட்டேன். நீங்க போட்டோ மட்டும் குடுங்க."

"என்ன எழுதியிருக்க, வாசி."

வாசித்தான். நன்றாகத்தான் எழுதியிருந்தான். நடுவில் ஒரு வரி வந்தது. 'வாழ்நாள் முழுவதும் முளைப்பாரிக்குக் காப்புக் கட்டி, ஒருமுறைகூட விரதம் தவறாத உத்தமி.'

"அது பொய்யில்ல?" என்றேன்.

"பொய்தான் பெரியம்மா. அதுக்காக, காப்ப அவுத்த கதைய மலர்லயா போட முடியும்? பத்து ஊரு வாங்கிப் படிக்கும்."

"பத்து ஊருக்கும் பொய்யவா படிக்கக் குடுக்குற?"

"அப்ப நீங்களே எழுதிக் குடுங்க, போட்டுருவோம்" என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான். ரெண்டாம் வகுப்புப் படித்தவள் என்ன எழுதிக் கிழிக்கப்போகிறாள் என்ற தைரியம். எனக்கு மெதுவாக வரும். ஆனால் வரும்.

அத்தையைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால், குடத்தைச் சொல்வேன். ஒரு வீட்டு வாசலில் கூட்டம் நின்றால் நாமெல்லாம் என்ன செய்வோம்? என்னாச்சு, ஏதாச்சு என்று கேட்போம். அத்தை கேட்கமாட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போவார், அந்த வீட்டுக் குடத்தை எடுப்பார், தண்ணீருக்குப் போய்விடுவார். சாவு வீடானாலும் பேறுகால வீடானாலும், அடிதடி நடந்த வீடானாலும் அப்படித்தான். திரும்பி வந்து குடத்தை இறக்கும்போதுதான் செத்தது யார், பிறந்தது என்ன என்று அவருக்கே தெரியும்.

"கேக்குறதுக்கு ஊரு பூராம் ஆளு இருக்கு. தண்ணிக்கு எவ இருக்கா?" என்பார்.

அந்தக் காலத்தில் மேலத்தெருவில் எங்கள் கைத்தண்ணீரைக் குடிக்கமாட்டார்கள். அவர்கள் காட்டில்தான் எங்கள் வீட்டார் எல்லோரும் கூலிக்குப் போனோம். நட்ட கை வேண்டும், அறுத்த கை வேண்டும், மொண்ட கை மட்டும் ஆகாது. அங்கே ஒரு சாவு விழுந்தாலும் அத்தை போவார். வீட்டுக் குடத்தைத் தொடமாட்டார். தன் குடத்தில் மொண்டுவந்து கொல்லையில் இருக்கும் மாட்டுத்தொட்டியை நிரப்பிவிட்டு வந்துவிடுவார்.

"எதுக்கத்தை இந்த வேலை?" என்று நான் ஒருமுறை கோபமாகக் கேட்டேன்.

"எழவு வீட்டுல மாட்ட எவன் நினைப்பான்? மனுசன் குடிக்காட்டிப் போறான். மாட்டுக்கு யாரு தண்ணின்னு தெரியவா போகுது?"

இப்போது நாங்களும் சொந்தமாகக் காடு வைத்திருக்கிறோம். எங்கள் வீட்டில் மேலத்தெருக்காரர் வந்து காப்பி குடிக்கிறார். இருந்தாலும் அந்த மாட்டுத்தொட்டி எனக்கு மறக்கவில்லை.

சாமி விஷயத்திலும் அத்தை அப்படித்தான். அம்மனிடம் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரிப் பேசுவார். மழை இல்லையென்றால் கோயில் வாசலில் நின்று, "ஒனக்கென்ன, மூணு வேளையும் குளிப்பாட்ட ஆளு இருக்கு. எங்களப் பாரு" என்று ஏசிவிட்டு வருவார். மழை பெய்தால் போய், "சரி சரி, சொன்னதக் கேட்டுட்ட" என்பார். ஆனால் முளைப்பாரி என்று வந்துவிட்டால் அந்த விளையாட்டெல்லாம் கிடையாது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பங்குனித் திருவிழாவுக்கு முன்னால், வீட்டுக்கு ஒரு மண்சட்டி என்று தெரு முழுவதற்கும் ஒரே அறையில் முளை போடுவோம். சட்டியில் எருவும் வைக்கோலும் மண்ணும் போட்டு, ஊறவைத்த தட்டாம்பயறு, பாசிப்பயறு, மொச்சை எல்லாம் தூவுவோம். அறை இருட்டாக இருக்கவேண்டும். வெளிச்சம் படாத முளை மஞ்சளாக, பட்டு நூல் மாதிரி முழம் உயரத்துக்கு எழும்பும். திருவிழாவன்று அதைத் தலையில் சுமந்து அம்மனைச் சுற்றிக் கொண்டுபோய்க் கண்மாயில் கரைப்போம். முளை நன்றாக வந்தால் அந்த வருசம் விளைச்சல். முளை அழுகினால் ஊரே கதிகலங்கும். அதனால் அந்த அறைக்குள் போகிறவள் ஒருத்திதான். அவள் கையில் மஞ்சள் நூலில் வேப்பிலை வைத்துக் காப்புக் கட்டுவார்கள். காப்பு இருக்கும்வரை பேறுகால வீட்டுக்குள்ளும் சாவு வீட்டுக்குள்ளும் அவள் காலெடுத்து வைக்கக்கூடாது. ஊரை விட்டுப் போகக்கூடாது. ஈரத்துணியோடுதான் அறைக்குள் நுழையவேண்டும்.

நான் வாக்கப்பட்டு வருவதற்கு முன்னாலிருந்தே அது அத்தைதான். விதை வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு மதுரைச் சிம்மக்கல்லுக்குப் போவார். அங்கே மொத்தக் கடையில் பயற்றை அள்ளி மோந்து பார்த்து, ஒன்றைக் கடித்துப் பார்த்து, "இது போன வருசத்துச் சரக்கு, முளைக்காது" என்பார். கடைக்காரர், "ஆத்தா, நீ தின்னே மூட்டையக் காலி பண்ணிருவ போலிருக்கே" என்பார். "நல்ல சரக்கக் காட்டுனா நான் எதுக்குத் திங்குறேன்?"

ஒருமுறை அப்படிப் போனபோது, வெயிலில் மூட்டை தூக்குகிறவர் ஒருவர் நடுத்தெருவில் சுருண்டு விழுந்துவிட்டார். கூட்டம் கூடியது. பையை என்னிடம் கொடுத்துவிட்டு அத்தையைக் காணவில்லை. எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீரோடு வந்தார். தலையில் ஊற்றி, வாயில் ஊற்றி, அந்த ஆள் எழுந்து உட்காரும்வரை இருந்தார். எங்கள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்சுக்குக் காத்திருந்தபோது, "அவரு எந்த ஊராம்?" என்று கேட்டேன்.

"கேக்கலையே" என்றார்.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

என் இரண்டாவது மகன் பங்குனியில் பிறந்தான். காப்புக் கட்டியிருந்த நேரம். தெருவில் யாருக்குப் பேறுகாலம் என்றாலும் அத்தையைத்தான் கூப்பிடுவார்கள், அவர் கைராசி அப்படி. ஆனால் சொந்த மருமகள் வலியில் கிடந்தபோது அவர் வாசற்படி தாண்டவில்லை. உள்ளே என் அம்மா இருந்தார், சித்தி இருந்தார், மருத்துவச்சி ஒருத்தி இருந்தார். நான் அத்தையைத்தான் கூப்பிட்டுக் கத்தினேன். வெளியே இருந்து, "தண்ணி வச்சிருக்கேன்" என்று குரல் வரும். திரும்பவும் கொஞ்சம் கழித்து, "தண்ணி வச்சிருக்கேன்." அவ்வளவுதான். பேரன் பிறந்து, காப்பு அவிழ்த்த பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தார். எனக்கு அது உள்ளே முள்ளாகத் தைத்துக்கொண்டது. சாமிதான் பெரிது, நான் பெரிதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சில வருசம் போயிற்று. மறுபடியும் பங்குனி, மறுபடியும் காப்பு. கண்மாய்க்கரையில் செங்கல் சூளை போட்டிருந்தார்கள். வெளியூர்க் குடும்பங்கள் கொட்டகை போட்டுத் தங்கி வேலை பார்த்தார்கள். ஒரு மதியம், அங்கிருந்து ஒருவன் செம்மண் பூசிய உடம்போடு எங்கள் தெருவுக்குள் ஓடி வந்தான். பெண்டாட்டிக்கு விடியலிலிருந்து வலியாம். பிள்ளை திரும்பவில்லையாம். கூட இருந்த பெண்கள் பயந்துபோய்க் கையைப் பிசைகிறார்களாம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கேட்டு ஆள் போயிருக்கிறதாம், வண்டி வரவில்லையாம்.

"ஆத்தா, இங்கன பிரசவம் பாக்குற அம்மா யாராத்தா?"

கோடிவீட்டுக் கிழவி ஒருத்தி இருந்தார். அவருக்கு அத்தை மேலும் முளைப்பாரி அறைச் சாவி மேலும் எப்போதும் ஒரு கண். "அவ காப்புக் கட்டியிருக்கா, வரமாட்டா. சொந்த மருமகளுக்கே வரல. வேற எங்கிட்டாவது போய்ப் பாருப்பா" என்றார்.

அத்தை அப்போதுதான் முளைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு ஈரத்துணியோடு வெளியே வந்தார். அந்த ஆளைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நேராகக் கோயிலுக்குள் போனார். நானும் பின்னால் போனேன். பூசாரி எங்களுக்குச் சொந்தம், அத்தைக்குக் கொழுந்தன் முறை. அத்தை மணிக்கட்டில் கை வைத்ததைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"மதினி, என்ன செய்றீக? அது காப்பு."

"காப்புன்னு தெரியாமயா கட்டியிருக்கேன்?"

"எங்கிட்டக் குடுக்காதீக. நான் வாங்கமாட்டேன். ஊரு என்னையத்தான் கேக்கும்."

"ஒங்கிட்ட யாருய்யா குடுத்தா?" என்று சொல்லிக்கொண்டே நூலைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். அம்மனுக்கு முன்னால் நட்டிருக்கும் சூலத்தில் கொண்டுபோய்க் கட்டினார். "ஆத்தா, செத்த நேரம் இத நீ வச்சுக்க. கோவமா இருந்தா வீட்டுக்கு வந்து கேளு. வீடு தெரியும்ல?" என்றார். திரும்பி என் கையில் அறைச் சாவியை வைத்தார். "ஈரத்துணி கட்டிக்கிட்டுப் போ. கையால தெளி, சொம்பச் சாய்ச்சிராத."

எனக்குப் பொறுக்கவில்லை. "எனக்கு மட்டும் வாசல்லயே நின்னீகளே அத்தை" என்று கேட்டுவிட்டேன்.

அவர் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டே சொன்னார்: "ஒனக்கு உள்ள மூணு பேரு இருந்தாக. அவளுக்கு யாரு இருக்கா?"

அந்தப் பதில் அன்றைக்கு எனக்குப் போதவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

பொழுது சாய்வதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பெண்பிள்ளை. தாயும் பிழைத்தாள். அத்தை கண்மாயில் முழுகி எழுந்து வீட்டுக்கு வந்தபோது தெருவே வாசலில் நின்றது. யாரும் அடிக்க வரவில்லை, ஏசவும் இல்லை. "இனி நீ முளை வீட்டுப் பக்கம் வரக்கூடாது" என்று மட்டும் சொன்னார்கள். அத்தை, "சரி" என்றார். அந்த ஒரு சொல் சொல்லும்போதுதான் முதல் முறையாக அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். உடம்பிலிருந்து எதையோ பிய்த்து எடுத்த மாதிரி இருந்தது. என் கையில் புதுக் காப்புக் கட்டினார்கள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. தீட்டுப் பட்டதால் முளை அழுகிவிடுமோ என்று எல்லோருக்கும் பயம். அறைக்குள் வரமுடியாது, ஆனால் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. கோடிவீட்டுக் கிழவி வருவார், "கொஞ்சம் கதவத் தொற, வெளிய நின்னே பாத்துக்கிறேன்" என்பார். அவர் போனதும் இன்னொருத்தி. நான் சின்னவள், யாரை மறுக்க முடியும்? நாளெல்லாம் கதவு திறந்து திறந்து மூடியதில், கதவோரமாக இருந்த சட்டிகளில் முளை பச்சை பிடித்துவிட்டது.

கிழவி தலையில் அடித்துக்கொண்டு தெருவில் நின்றார். "பாருங்கடி, ஆத்தா கோவம் பச்சையாத் தெரியுது. சூளைக்குப் போன கால் செஞ்ச வேலை!"

அத்தை தூரத்தில், வேப்பமரத்தடியில் குடத்தோடு நின்றிருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார். "அக்கா, அம்புட்டுத் தடவ கதவத் தொறந்து வெளிச்சத்த விட்டா பயறு பச்சையாகாம என்ன செய்யும்? வயக்காட்டுல நிக்கிறது அம்புட்டும் பச்சைதான். அதெல்லாம் ஆத்தா கோவமா?"

கூட்டத்தில் யாரோ ஒருத்தி முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கிழவிக்கே அடக்கமுடியவில்லை. அத்தை மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்து, "உள்பக்கமா ஒரு சாக்கத் தொங்க விடு" என்றார். தொங்கவிட்டேன். ஒரு முளைகூட அழுகவில்லை. என் கையால் வளர்ந்த முளை அது, பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ஊர்வலத்தன்று வெயில் நெருப்பாக அடித்தது. புதிதாகத் தார் போட்ட ரோடு. தலையில் சட்டி, வெறுங்கால். நான் முன்னால் போனேன். அத்தைக்குச் சட்டி கிடையாது. வரிசையிலும் இடம் கிடையாது. எங்கே நிற்கிறாரோ என்று தேடிக்கொண்டே போனேன். திடீரென்று காலடி குளிர்ந்தது. பார்த்தால், எங்களுக்குப் பத்தடி முன்னால் அத்தை ரோட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகிறார். ஒரு குடம் தீர்ந்ததும் ரோட்டோரக் குழாய்க்கு ஓடுகிறார், வருகிறார், ஊற்றுகிறார். ஒருவர், "இவ எதுக்கு முன்னால போறா?" என்று வாயெடுத்தார். பின்னால் வந்த பெண்கள் போட்ட குலவையில் அவர் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை. கால் சுட்டவள் எவளாவது தண்ணீரைப் போகச் சொல்வாளா?

அன்றைக்கு என் காப்பைப் பூசாரி அவிழ்த்துக் கண்மாயில் விட்டார். சூலத்தில் கட்டியதை மட்டும் தொடவில்லை. அவிழ்க்கவும் பயம், அப்படியே விடவும் பயம். அடுத்த வருசம் சூலத்தைப் புளி போட்டு விளக்கியபோது அந்த இடத்தை மட்டும் விட்டு விளக்கினார். நூல் வெளுத்து, நைந்து, ஒரு நாள் தானாகக் காணாமல் போனது.

"காத்துல போயிருக்கும் மதினி" என்றார் பூசாரி.

"வச்சுக்கிட்டா" என்றார் அத்தை.

காலம் போகப் போகத் தெருவுக்கு மனசு இளகியது. ஒரு பங்குனிக்கு முன்னால் பூசாரியும் பெரியவர்களும் வீட்டுக்கு வந்தார்கள். கோடிவீட்டுக் கிழவியும் வந்திருந்தார். "மதினி, பழசெல்லாம் வேணாம். இந்த வருசம் நீங்களே காப்புக் கட்டிக்கங்க" என்றார்கள். எனக்கு ஒரு பக்கம் சாவி போய்விடுமே என்று இருந்தது. இன்னொரு பக்கம், அத்தை சரி என்று சொல்லிவிட்டால் நன்றாக இருக்குமே என்றும் இருந்தது. முளை வீட்டை அவர் எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத்தான் தெரியும்.

அத்தை வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"வேணாம்யா. காப்பு கட்டுனா கையக் கட்டுனதுதான். எவனாவது ஓடி வந்தா நான் திரும்பவும் அவுத்துருவேன். எனக்கே தெரியுது. ஆத்தாளுக்கு எதுக்கு வருசா வருசம் அந்தச் சங்கடம்? என் மருமக நல்லாத்தான் போடுறா."

வந்தவர்கள் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார்கள்.

பிறகு சாகும்வரை அவர் அந்த அறைக்குள் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு பங்குனியிலும் நான் உள்ளே இருக்கும்போது கதவுக்கு வெளியே வந்து நிற்பார். மூக்கை உறிஞ்சுவார். "தண்ணி கூடிப்போச்சு, வாடை சொல்லுது" என்பார். "மொச்ச வந்துருச்சா?" என்பார். நான் உள்ளிருந்து பதில் சொல்வேன். அவர் வெளியே, நான் உள்ளே. அப்படி ஒரு நாள், இருட்டில் உட்கார்ந்து தெளித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு என் பேறுகாலம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் அவர் வெளியேதான் நின்றார். 'தண்ணி வச்சிருக்கேன், தண்ணி வச்சிருக்கேன்' என்று கத்திக்கொண்டே நின்றார். அது என்ன குரல் என்று அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது. அந்தப் பழைய முள் அதோடு போயிற்று.

அந்தச் சூளைக் குடும்பம் மறுவருசம் வரவில்லை. எந்த ஊர், பிள்ளைக்கு என்ன பெயர், ஒன்றும் தெரியாது. கேட்டு வைத்திருந்தால்தானே?

அத்தை போன அன்று எங்கள் வாசலில் பெருங்கூட்டம். மேலத்தெருவிலிருந்து வந்த ஒரு பெண், யாரிடமும் ஒன்றும் கேட்காமல், எங்கள் வீட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் அத்தையைக் குளிப்பாட்டினோம்.

இப்போது ஊர்வலத்துக்கு முன்னால் டிராக்டரில் தொட்டி கட்டி ரோடு முழுக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டு போகிறார்கள். கமிட்டிச் செலவு. என் கொழுந்தன் மகன்தான் ஓட்டுகிறான். அது எந்த வருசம், எதனால், யார் குடத்திலிருந்து தொடங்கியது என்று அவன் எழுதிய பக்கத்தில் இல்லை. காப்பை அவிழ்த்ததை மறைத்தால் அதையும் மறைக்கத்தான் வேண்டும்.

விரதம் தவறாத உத்தமிகள் ஊருக்கு ஊர் இருப்பார்கள். தவறிவிட்டு, 'திரும்பவும் தவறுவேன், எனக்கு வேண்டாம்' என்று பூசாரியிடமே உண்மையைச் சொன்ன ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்தார். அதைப் போட முடிந்தால் மலரில் போடட்டும். முடியாதென்றால் அந்தப் பக்கத்தை வெறுமனே விடட்டும். போட்டோவும் தரமாட்டேன்.

எழுதி முடித்துவிட்டேன். பேத்தி காலேஜிலிருந்து வந்துவிட்டாள். "அம்மாச்சி, இம்புட்டும் நீங்களா எழுதுனீங்க?" என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

ஆமாடி தாயி. முதலில் மலர் போடுகிற உன் மாமாவுக்குப் போன் போடு. போனைச் சத்தமாக வை, அவன் காதிலும் விழட்டும். அப்புறம் மேலே இருந்து வாசி. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள், வரியை மட்டும் விட்டுவிடாதே. காப்பை அவிழ்க்கிற இடம் வரும். அங்கே குரலை இறக்காதே, நிற்கவும் செய்யாதே. உன் பூட்டி சூளைக்குப் போன மாதிரி நேராகப் போ.

எங்கே, வாசி. கேட்போம்.